இட்லி மாவுக்கு டி.என்.ஏ. பார்த்த கதை

இட்லி மாவில் எந்தெந்தக் கிருமிகள் குடியிருக்கின்றன என்று அவற்றின் டி.என்.ஏ.வை வைத்துக் கண்டுபிடிப்பது என் தொழில் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு தங்கள் வீட்டு மாவை நினைத்து முகம் மாறுவார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் வீடுகளிலும் கடைகளிலும் மாவு, தயிர், நீராகாரம் என்று புளித்ததையெல்லாம் வாங்கிக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே நானும், கூட வேலை பார்க்கும் ஆவூர் அருள்மேரியும் அவற்றிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து எடுத்து வெளியூர் கம்பெனி ஒன்றுக்கு அனுப்புவோம். அவர்கள் அதை எழுத்தெழுத்தாகப் படித்து அனுப்ப வேண்டும். எப்போது அனுப்புவார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. வராத ரிசல்ட்டுக்காக, சாப்பிடுகிற கையோடு இ-மெயிலைத் திறந்து திறந்து பார்த்தவர்களுக்கு இந்தப் படபடப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுப்பில் பால்

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்விக்கா கிரைண்டர் போட்டு மாவு விற்கிறார். கணவர் துபாயில் ஏ.சி. மெக்கானிக். காலையில் கடை முன்னால் தூக்குச்சட்டிகளோடு ஒரு வரிசை நிற்கும். நான் போனதும் அந்த நேரத்தில்தான். என் கையில் இருக்கிற கிருமி மாவுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக முகக்கவசமும் கையுறையும் மாட்டிக்கொண்டு, சின்னச் சின்னக் குப்பிகளில் மாவை எடுத்தேன். வரிசையில் முதலில் நின்ற பக்கத்துத் தெரு மல்லிகா, "என்னங்க டெஸ்ட் இது?" என்று கேட்டார்.

"இதுல என்னென்ன பாக்டீரியா இருக்குன்னு பாக்கப் போறோம்ங்க" என்றேன். அவை நல்ல பாக்டீரியாக்கள்தான் என்று அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் மல்லிகா தூக்குச்சட்டியை மூடிவிட்டார். "வாரேன் செல்வி, அடுப்புல பால் இருக்கு" என்று நடையைக் கட்டினார். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் அப்போதுதான் அடுப்பில் பால் இருப்பது ஞாபகம் வந்தது. செல்விக்கா அவர்கள் போன திசையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "ஏன் தங்கச்சி, அதுக்குப் பாக்டீரியாவைத் தவிர வேற பேரு எதுவும் இல்லையா?"

உயிருள்ள ஜீவன்

மாவு எடுத்தவுடன் ஐஸ் பெட்டியில் வைத்துவிட வேண்டும். சூடு ஏறினால் உள்ளே இருப்பவை பெருகிக்கொண்டே போகும். அப்புறம் நான் படிப்பது கடை மாவை அல்ல, பஸ்ஸில் வந்த மாவை. அன்றைக்கு ஏறிய புதுக்கோட்டை பஸ் கிளம்பினதும் நின்றது. டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார். மடியில் பெட்டி, முழங்காலில் ஐஸ் தண்ணீர். நான் ஜன்னல் வழியாக டிரைவரையும், மூடியைத் திறந்து ஐஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மீனாக இருந்தால் கடைசி சீட்டுக்குப் போகச் சொன்னார். மாவுதான் என்றதும் நம்பவில்லை. மாவுக்குள் லட்சக்கணக்கில் உயிர் இருக்கிறது, சீக்கிரம் போய்ச் சேராவிட்டால் எல்லாம் கெட்டுவிடும், டிரைவரைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "உயிருள்ள ஜீவன்னு நீங்களே சொல்லிட்டீங்க, அப்ப லக்கேஜ் போட முடியாது, அத்தனைக்கும் ஆள் டிக்கெட்டுதான்."

வீட்டுத் தயிர்

வல்லத்திராக்கோட்டையில் ஒரு விவசாயக் குடும்பம். வீட்டு மாட்டுப் பால், வீட்டிலேயே உறை ஊற்றிய தயிர். இப்படிப்பட்ட வீடு கிடைப்பது அபூர்வம். பாக்கெட் தயிரில் கம்பெனிக்காரர்கள் போட்ட ஒன்றிரண்டு வகைதான் இருக்கும். வீட்டுத் தயிரில் மாடு, சட்டி, கை எல்லாம் சேர்த்து ஒரு ஊரே இருக்கும். அந்த வீட்டு அக்கா என்னையும் அருள்மேரியையும் உட்காரவைத்து, சுடச்சுடச் சோறும் முருங்கைக்காய் சாம்பாரும் போட்டு, வெண்கலக் கிண்ணத்தில் தயிரும் கொடுத்தனுப்பினார். வழியெல்லாம் எனக்கு அந்தத் தயிர் நினைப்புத்தான்.

பின்னாளில் ரிசல்ட் வந்தபோது அந்தத் தயிரில் இருந்தது இரண்டே வகை. குப்பி மாறிவிட்டதோ, பிரித்தெடுத்ததில் கோளாறோ என்று எனக்குத் தூக்கம் போனது. அருள்மேரியும் நானும் மறுபடி முதலிலிருந்து செய்து பார்த்தோம். அதே இரண்டு. கடைசியில் அந்த அக்காவுக்கே போன் போட்டேன். அவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை: "அன்னைக்கு எங்க தயிரு புளிச்சுக் கெடந்துச்சும்மா, வீடு தேடி வந்தவங்களுக்கு அதையா கொடுக்கிறது, அதான் கடையில பாக்கெட் வாங்கிக் கிண்ணத்துல ஊத்திக் கொடுத்தேன்."

துபாய் வரைக்கும்

நான் மாவு எடுத்துப் போன சில நாட்களில் செல்விக்காவிடமிருந்து போன் வந்தது. குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. மாவுக்கடையில் அதிகாரிகள் ரெய்டு வந்தார்கள், மாவில் புழு, கடைக்குச் சீல் வைக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. முகக்கவசத்தோடு நான் மாவை அள்ளுகிற போட்டோவை யாரோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். பிடித்து வைத்திருந்த கல்யாண ஆர்டர் கைவிட்டுப் போனது. வாடிக்கையாக வாங்கிக்கொண்டிருந்த மெஸ்காரர் வேறு இடத்தில் மாவு வாங்குகிறார். "ஒண்ணும் இல்லைன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொடு தங்கச்சி" என்றார்.

எங்கள் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை, கறாரானவர். ரிசல்ட் வராமல் எதை எழுதுவது என்றார். வந்தாலும் மாவுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லலாமே தவிர, சாப்பிடலாம் என்று சர்டிபிகேட் கொடுப்பது நம் வேலையில்லை என்றார். அவர் சொன்னது சரிதான். சரியான பேச்சை எடுத்துக்கொண்டு செல்விக்கா முன்னால் போய் நிற்கத்தான் எனக்குக் கால் வரவில்லை. கம்பெனிக்கு மெயில் மேல் மெயில் அனுப்பினேன். 'வேலை நடந்துகொண்டிருக்கிறது' என்ற ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. நான் போன் செய்து இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றபோது செல்விக்கா சொன்னார்: "அந்தப் போட்டோ துபாய்க்கே போயி எங்க வீட்டுக்காரரு அங்கிட்டிருந்து அழுகாத குறையா பேசுறாரு, இங்கிட்டு ஒங்க ரிசல்ட்டு இன்னும் ஆலங்குடிக்கு வரலை."

மகத்தான கண்டுபிடிப்பு

ஒரு வழியாக மெயில் வந்தது. கம்ப்யூட்டரில் திறந்தால் செல்விக்கா மாவில் பாதிக்கு மேல் ஏதோ செடியின் டி.என்.ஏ. பாக்டீரியாவை அடையாளம் காண நாங்கள் படிக்கிற அந்த டி.என்.ஏ. துண்டு, செடிகளின் செல்லுக்குள்ளும் ஏறத்தாழ அதே மாதிரி இருக்கும். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் அது வராமல் என்ன செய்யும்? அதையெல்லாம் கழித்துவிட்டு மீதியைப் படிக்க வேண்டும். தெரிந்த விஷயம்தான். ஆனால் அத்தனை நாள் காத்திருந்த நான் அந்த மெயிலை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். அருள்மேரி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, "விடுடி, இட்லி மாவுல உளுந்து இருக்குன்னு ஒலகத்துக்கு நிரூபிச்சிட்டோம்" என்றாள்.

வேலை பார்ப்பவர்கள்

கழித்த பிறகு மிஞ்சியது நல்ல செய்தி. மாவைப் பொங்க வைப்பவை, புளிப்பைக் கொடுப்பவை என்று இட்லி மாவில் இருக்க வேண்டியவைதான் பெரும்பாலும் இருந்தன. அவற்றின் பெயர்கள் எழுதிய வண்ணப் படத்தோடு ஆலங்குடிக்கு ஓடினேன். செல்விக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டார். இத்தனை பாக்டீரியா பேரைக் கடையில் ஒட்டினால் இருக்கிறவர்களும் ஓடிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

வேறு வழி சொன்னவள் அருள்மேரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை முன்னால் இரண்டு இட்லிப் பானை வைத்தோம். ஒன்றில் அப்போதுதான் அரைத்த மாவு, இன்னொன்றில் இரவெல்லாம் புளித்த மாவு. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. மல்லிகாவும் வந்தார், கொஞ்சம் தள்ளியே நின்றார். முதல் பானை இட்லி தட்டையாக, கெட்டியாக வந்தது. மல்லிகாவிடம் அதைக் கொடுத்து, "இதுல அதுங்க இன்னும் வேலையை ஆரம்பிக்கலைங்க" என்றேன். ஒரு விள்ளல் மென்றார், மென்றுகொண்டே இருந்தார். அடுத்த பானை இட்லியைப் பிட்டார், அது பஞ்சு மாதிரி பிய்ந்து வந்தது.

"அப்ப மாவு பொங்குறது அதுங்களாலதானா?"

"ஆமாங்க."

"எங்க வீட்டு மாவுலயும் இருக்கா?"

"எல்லார் வீட்டு மாவுலயும் இருக்கும். ஆவியில வேகுறப்ப செத்துப்போயிரும்."

அவர் மீதி இட்லியையும் வாயில் போட்டுக்கொண்டார். பிறகு செல்விக்காவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்: "எங்க வீட்டு மாவு கொஞ்ச நாளா பொங்க மாட்டேங்குது செல்வி, ஒன்னோடது நல்லா வேலை பாக்குதுன்னா ரெண்டு கரண்டி கொடு, கொண்டுபோயி கலந்து விடுறேன்."

அடுத்த தடவை

வரிசை ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. ஒவ்வொரு தூக்குச்சட்டியாக வந்தது. மெஸ்காரர் வரவேயில்லை. போன கல்யாண ஆர்டர் போனதுதான். வெயில் காலத்து மாவையும் மழைக் காலத்து மாவையும் ஒப்பிட வேண்டும் என்பதால் நான் மறுபடி அந்தக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு, பெட்டியோடு அந்தத் தெருமுனை வரை இரண்டு தடவை போய்ப் போய்த் திரும்பினேன். செல்விக்காவே பார்த்துவிட்டுக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். கையுறையை மாட்டும்போது தெருவில் யாராவது போனைத் தூக்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டேன். அவர் மாவுப் பானையை என் பக்கம் தள்ளி வைத்தார்: "வேணுங்கிற மட்டும் எடுத்துக்க தங்கச்சி, ஆனா யாரு என்ன கேட்டாலும் நீ வாயைத் திறக்காத, நான் பேசிக்கிறேன்."

கண்ணுக்குத் தெரியாதவற்றோடு குப்பை கொட்டுவது எளிதுதான், கண்ணெதிரே தூக்குச்சட்டியோடு நிற்பவர்களுக்குப் பதில் சொல்வதற்குத்தான் இந்தப் படிப்பில் ஒரு பாடமும் வைக்கவில்லை.