யோகண்ணையின் பிளாஷ் வேலைக்குப் போயிருக்கிறது

யோகலிங்கம் அண்ணை காலமானார் என்ற செய்தி, குடாநாட்டுப் படப்பிடிப்பாளர்களின் தொலைபேசிக் குழுவில் காலை ஏழரைக்கு வந்தது. அப்போது அங்கே மஞ்சள் வார்க்காரருக்கும் சிவப்பு வார்க்காரருக்கும் வழக்கமான சண்டை நடந்துகொண்டிருந்தது. கமராவைக் கழுத்தில் தொங்கவிடும் வாரின் நிறத்தைக் கொண்டு நாங்கள் கொம்பனியை அறிவோம். கொம்பனியைக் கொண்டு மனிதரை அறிவோம். செய்தி வந்ததும் சண்டை நின்றுவிடவில்லை. மணப்பெண்ணின் நிறம் யாருடைய கமராவில் உண்மையாக விழுகிறது என்பதை ஒருவாறு முடித்துவிட்டு, கால் மணிநேரம் கழித்தே எல்லோரும் கைகூப்பினார்கள். யோகண்ணை இதற்காகக் கோபித்திருக்கமாட்டார். விவாதத்தில் தன் பக்கம் தோற்றுக்கொண்டிருந்தது மட்டுமே அவரை வருத்தியிருக்கும்.

அவர் சிவப்பு, நான் மஞ்சள். அவரைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் எவருக்கும் இல்லாத தகுதி ஒன்று எனக்கு உண்டு. அவருடைய பிளாஷ் எட்டு ஆண்டுகளாக என்னிடம் இருந்தது. கொம்பனிப் பெயர் தெரியாதபடி அதன் நெற்றியில் கறுத்த ரேப், அதாவது ஒட்டுநாடா, ஒட்டி, ஊரெல்லாம் அதைக் கொண்டே படம் எடுத்து வந்தேன். அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அன்று காலை அதைப் பையில் வைத்துக்கொண்டு புத்தூருக்குப் புறப்பட்டபோது, உரியவரிடம் ஒப்படைக்கும் காலம் கடந்துவிட்டது என்பதும், ஒப்படைக்காமல் இருக்க இனிச் சாட்டு இல்லை என்பதும் ஒரே நேரத்தில் விளங்கின.

அது என்னிடம் வந்த கதை பலருக்குத் தெரியாது. பருத்தித்துறை வீதியில் ஒரு மண்டபத்தில் கலியாணம். பெண் வீட்டார் யோகண்ணையைப் பிடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்னை. ஒரு வீட்டின் கமராவை மற்ற வீடு நம்புவதில்லை என்பது இங்கே நிலைபெற்ற வழக்கம். அது எனக்குக் கிடைத்த முதல் பெரிய கலியாணம். படங்கள் சரியாக வந்தால் மாப்பிள்ளையின் நான்கு தம்பிமாருக்கும் நான்தான் என்று பேச்சு. வாசலில் பெண்ணின் மாமி ஒருவர், மாப்பிள்ளை பகுதியாருக்கு மரியாதை செய்யும் ஆர்வத்தில், ஒரு செம்புப் பன்னீரில் பாதியை என் பிளாஷுக்கே தெளித்தார். அது இரண்டு முறை இருமியது. பிறகு பேசவேயில்லை.

முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. தூணுக்குப் பின்னால் நின்று அதைச் சால்வையால் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம் யோகண்ணை வந்தார்.

“என்ன தம்பி, பன்னீர் கூடிப்போச்சோ?”

“ஓம் அண்ணை. முடிஞ்சுது.”

அவர் தன் கமராவிலிருந்த பிளாஷைக் கழற்றி நீட்டினார். நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். “உங்கடை சிவப்பை என்ரை கமராவிலை போட்டால் எரிஞ்சுபோமெல்லோ?”

“உனக்கு உதை ஆர் சொன்னது?”

“எங்கடை ஆக்கள்தான்.”

“உங்கடை ஆக்கள் உப்பிடித்தான் சொல்லுவினம். எங்கடை ஆக்களும் உப்பிடித்தான். பழைய காலத்துப் பிளாஷ் எண்டால் பயப்பிடு; அதிலை மின்சாரம் கூட, கமராவைச் சுட்டுப்போடும். உது புதுசு. இஞ்சை, காலைப் பார்.”

பிளாஷைத் தலைகீழாகத் திருப்பினார். கமராவின் தலையில் செருகும் அடிப்பாகத்தில் நடுவே ஒரு பெரிய உலோகப் புள்ளியும், அதைச் சுற்றிச் சில சிறிய புள்ளிகளும் இருந்தன.

“நடுக்கால்தான் பிளாஷுக்கு ‘அடி’ எண்டு கட்டளை குடுக்கிறது. ஒண்டிரண்டு கொம்பனியைத் தவிர, எல்லாருக்கும் அது ஒரே இடத்திலைதான். சுத்தி நிக்கிற சின்னக் கால்கள் தங்கடை தங்கடை குடும்பப் பெருமை கதைக்கிறதுக்கு. ஒருத்தற்றை கதை மற்றவருக்கு விளங்காது. அவையின்ரை வாயைப் பொத்திவிட்டால் சம்பந்தம் சரி.”

சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்ட தாடையிலிருந்து பிளாஸ்ரரை உரித்து, கீலங்களாகக் கிழித்து, சின்னக் கால்களின் மேல் ஒட்டினார். நடுக்கால் மட்டும் மினுங்கியது.

“இனி உது தானாய் யோசிக்காது. நீதான் யோசிக்கோணும். உனக்குக் கஷ்டம்தான், என்ன செய்யிறது? ஆறடியிலை நில். வெளிச்சத்தை நாலிலை ஒண்டாய்க் குறை. கமரா வேகத்தை நூற்றிருபத்தஞ்சுக்கு மேலை ஏத்தாதை. ஏத்தினியெண்டால் பாதிப் பொம்பிளை இருட்டுக்கை போயிடுவா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அண்ணை, அப்ப உங்களுக்கு?”

“மற்றது வீட்டிலை. பறவாயில்லை, உன்ரை வெளிச்சத்திலை நானும் எடுப்பன். நான் எண்ணுறன். ‘ரெண்டு’ எண்டேக்கை கமராக் கதவைத் திறந்து வைப்பன். ‘மூண்டு’ எண்டேக்கை நீ அடி. பிறகு நான் பூட்டுவன்.”

திட்டத்தில் பிழையில்லை. ஆனால் கெட்டிமேளத்துக்கு மேலாகக் கேட்க வேண்டுமென்றால் தொண்டை கிழியக் கத்தத்தான் வேண்டும். மாப்பிள்ளை ஆறு வயதில் கனடா போனவர். மூன்று முடிச்சு என்பது மட்டும் அவருக்குத் தெரியும். தாலியைக் கையில் எடுத்த நேரம், பின்னாலிருந்து ஒருவர் “ஒண்டு! ரெண்டு! மூண்டு!” என்று கத்தவே, இதற்கென்றே ஊரில் ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, எண்ணுக்கு ஒரு முடிச்சாகப் போட்டார். நாங்கள் இரண்டாவது படத்துக்கு எண்ணினோம். அவர் இன்னும் மூன்று போட்டார். மூன்றாவது படத்துக்கும் சளைக்கவில்லை.

“போதும்,” என்றாள் மணப்பெண். கணவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஐயர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். “மந்திரம் நான் சொல்லுறன். உந்த எண்ணுறதை ஆர் கேட்டது?”

“ஐயா, நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ. ஒன்பது முடிச்சு. இந்தக் கலியாணம் அவிழாது,” என்றார் யோகண்ணை. அவிழவில்லை. இரண்டு பிள்ளைகள்.

அவர் எடுத்தவற்றில் பாதி இருட்டாகவும் சில ஆடியும் போயின. மிச்சத்தை வைத்து அல்பம் கட்டினார். எங்கள் படம்தான் வெளிச்சம் என்று இரண்டு வீட்டாரும் இன்றுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

நான்கு தம்பிமாரின் கலியாணங்களும் எனக்கே வந்தன. பிளாஷைக் கொடுக்க இரண்டு முறை அவர் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கைவரை போனேன். கொடுத்தால், மஞ்சளின் முதல் பெரிய கலியாணத்தைச் சிவப்புக் காப்பாற்றியது என்று ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டிவரும். திரும்பி வந்து கறுத்த ரேப் வாங்கினேன்.

அவரிடம் இன்னொரு பிளாஷ் இருந்தது. அதற்குக் கண் உண்டு. வேறெங்கு பிளாஷ் அடித்தாலும் பார்த்துத் தானும் அடிக்கும். உடுவிலில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் அதை மூலையில் நிறுத்தியிருந்தார். அன்று வந்திருந்த ஐந்து கமராக்காரருக்கும் அது பேதமின்றி அடித்தது. சொந்தக்காரர் படம் எடுக்கும் நேரத்தில் பற்றரி இறங்கிவிட்டது. நாங்கள் சிரித்தோம். “என்ரை பிளாஷ் என்னைவிட நல்ல மனுசன். ஆர் கூப்பிட்டாலும் எழும்பும்,” என்றார். குழுப்படத்தில் மட்டும் அவருக்கு இரக்கம் இருந்ததில்லை. “கண்ணை மூடினவையை நான் திருப்பி எடுக்கிறேல்லை. மூடினது மூடினதுதான்,” என்று எச்சரித்துவிட்டே எண்ணத் தொடங்குவார்.

புத்தூர் வீட்டில் மழை இருட்டு. வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் மஞ்சள், பதினொரு கமராக்கள். யார் முதலில் எடுப்பது என்ற மரியாதையில் ஒருவரும் எடுக்கவில்லை. நான் உள்ளே போய் அவர் மனைவி பரமக்காவிடம் பிளாஷை நீட்டினேன்.

“அக்கா, இது அண்ணையின்ரை. என்னட்டை நிண்டுபோச்சு.”

திருப்பிப் பார்த்தார். காலில் பிளாஸ்ரர், நெற்றியில் ரேப்.

“உதோ? எங்கை எண்டு கேட்டால், அது வேலைக்குப் போயிருக்கு எண்டுதான் சொல்லுவார். தாடையிலை காயத்தோடை வந்த அண்டைக்குத் துவங்கின கதை.” கண்ணைத் துடைத்தார். “நெத்தியிலை என்ன அது? உதுக்கும் காயமோ?”

நான் ரேப்பை விரலால் மறைத்தேன்.

“சரி, வெளியிலை கொண்டுபோய்க் கமராவிலை போடு. பெட்டி மூட முந்திக் குடும்பத்தோடை ஒரு படம் வேணும். கமராக்காரர் எல்லாம் கோயில் பூசை பார்க்கிற மாதிரி நிக்கினம்.”

வெளியே வந்து பிளாஷை என் கமராவில் செருகி, எல்லோருக்கும் முன்னால் அந்தக் கறுத்த ரேப்பை உரித்தேன். எட்டு ஆண்டுப் பசை இலகுவில் விடவில்லை.

“உது எங்கடையெல்லோ!” என்றது வலப்பக்கம்.

“கமரா எங்கடை,” என்றது இடப்பக்கம், கொஞ்சம் மெதுவாக.

“ஒருத்தரும் பிளாஷ் போடாதேங்கோ,” என்றேன். “எல்லாருக்கும் இது ஒண்டு காணும். நான் எண்ணுறன். ‘ரெண்டு’ எண்டேக்கை திறவுங்கோ, ‘மூண்டு’ முடியப் பூட்டுங்கோ.”

எண்ணினேன். பதினொரு கமராக்களும் திறந்து மூடிய சத்தம் கேட்டது. பாதி இருட்டாகத்தான் வந்திருக்கும்.

பிளாஷைப் பரமக்கா திரும்ப வாங்கவில்லை. வேலைக்குப் போனது வேலையில் நிற்கட்டும் என்றார். ஆகவே அது என்னிடம் இருக்கிறது, நெற்றியில் தன் கொம்பனிப் பெயரோடும் காலில் அவர் தாடைப் பிளாஸ்ரரோடும். அந்தப் படமும் இருக்கிறது. மனைவி, பிள்ளைகள், மருமக்கள் எல்லோரும் அவர் சொற்படி கண்ணைத் திறந்தே நிற்கிறார்கள். மூடியிருந்தவர் ஒருவர்தான். அவருடைய வழக்கப்படி, நான் திருப்பி எடுக்கவில்லை.