"என்னைத் தெரியுதா? நான் யாரு?"

போன சனிக்கிழமை விழுப்புரத்தில் ஒரு சண்டையை நேரில் பார்த்தேன். இரண்டு பெரியவர்கள். சண்டை எதற்கு? மல்லாட்டைக்கு, அதாங்க வேர்க்கடலைக்கு! நானும் என் அக்கா வசந்தாவும் பக்கத்திலேயே இருந்தோம். விலக்கிவிட்டோமா? ஊஹும். விசில் அடிக்காத குறைதான்!

விஷயத்துக்கு வருகிறேன். சண்டை போட்டதில் ஒருத்தர் அக்கா வீட்டுக்காரர். திண்டிவனத்தில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருந்தவர். தேர்தலிலிருந்து தேங்காய்ச் சட்னி வரை எல்லாவற்றுக்கும் மாமாவிடம் ஒரு அபிப்பிராயம் இருக்கும். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அப்புறம் டிமென்ஷியா வந்தது. மறதி நோய். பேச்சு குறைந்துகொண்டே வந்து, இந்த வருஷம் சுத்தமாக நின்றுவிட்டது. தட்டை வைத்தால் சாப்பிடுவார். கையைப் பிடித்தால் நடப்பார். அவ்வளவுதான். "என்னத் திட்டவாவது ஒரு வார்த்தை பேச மாட்டாராடி?" என்று அக்கா என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

பேச்சை நிறுத்தியது நோய் மட்டும்தானா? "பாதி நாமதான்" என்கிறார் ஷாலினி. மனநல நிபுணர். இந்த நோய் உள்ளவர்களை வாரம் ஒரு முறை விழுப்புரத்தில் ஒரு ஹாலில் உட்காரவைத்துப் பேச்சு, விளையாட்டு, பாட்டு என்று மூளைக்கு வேலை கொடுக்கிறார்.

நாமா? நாம் என்ன செய்தோம்?

நம் ஊர்ப் பழக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முடியாமல் இருப்பவரைப் பார்க்கப் போகிறோம். ஆப்பிள் பையை வைத்த கையோடு ஆரம்பிப்போம் — "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பாப்போம்!" பதில் வராவிட்டால் விடுவோமா? "நல்லா யோசிச்சி சொல்லுங்க!" அடுத்து, பேரப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "இது யாரு? இது?" கடைசியில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அய்யோ பாவம், சுத்தமா மறந்துட்டாரு" — அவர் காதில் விழுகிற மாதிரி!

எல்லாம் பாசத்தில்தான். ஆனால் அது பரீட்சை இல்லாமல் வேறென்ன?

"வர்றவங்க எல்லாம் பரீட்சை வச்சி ஃபெயில் பண்ணிக்கினே இருந்தா, யாருக்குங்க வாயத் தொறக்கத் தோணும்?" என்றார் ஷாலினி. "ஞாபகத்தக் கேக்காதீங்க. அபிப்பிராயத்தக் கேளுங்க. அதுல தப்பான பதிலே கெடையாது."

அந்தச் சனிக்கிழமை மாமாவை அங்கே கூட்டிப் போயிருந்தோம். மேஜையில் இரண்டு தட்டு. ஒன்றில் அவித்த மல்லாட்டை, இன்னொன்றில் வறுத்தது. எல்லாரும் தொட்டார்கள், உரித்தார்கள், முகர்ந்தார்கள், வாயில் போட்டுக்கொண்டார்கள். 'இது என்ன' என்று ஷாலினி கேட்கவே இல்லை. "எது ருசி?" என்றுதான் கேட்டார்.

கோட்டக்குப்பத்துப் பெரியவர் ஒருத்தர், பாய், கல்ஃபில் வேலை பார்த்தவர், அவருக்கும் இதே நோய்தான் — முந்திக்கொண்டார். "வறுத்ததுதான். அவிச்சதெல்லாம் கொழகொழன்னு... சீ!"

உரித்துக்கொண்டிருந்த மாமாவின் கை நின்றது. தலையை நிமிர்த்தினார். உதடு இரண்டு தடவை அசைந்தது.

"யோவ்... அவிச்சதுதான்யா."

அக்கா என் கையைப் பிடித்தாள் பாருங்கள்... வளையல் அழுந்திய தடம் சாயந்திரம் வரை போகவில்லை!

பாய் விடுகிற ஆளா? "உனக்கு இன்னாய்யா தெரியும்?"

"தெரியும்யா! உப்புப் போட்டு... சூடா... மழை பேஞ்சிக்கினு இருக்கணும். அப்ப துன்னு பாரு!"

மழை முதற்கொண்டு சொல்லிவிட்டார்! அக்கா அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது.

ஷாலினி எங்களைக் கொஞ்சம் தரையிறக்கினார். போன ஞாபகம் இதனால் திரும்பிவிடாது. நோயும் ஓடிவிடாது. இருப்பதைப் புழங்கவிட வேண்டும், அவ்வளவுதான் என்றார். சரிங்க மேடம்... எங்களுக்கு அதுவே தீபாவளி!

மறுநாளே திண்டிவனத்து வீட்டில் சட்டம் போட்டாள் அக்கா. வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். கண்டமங்கலத்துச் சித்தப்பா வழக்கம்போல "என்னைத் தெ..." என்று ஆரம்பிக்க, அக்கா பார்த்த பார்வையில், "நான் ஏழுமலை வந்துருக்கேம்பா. டீயா, காப்பியா, எது தேவலாம்?" என்று மாற்றிவிட்டார். மாமா பதில் சொல்லவில்லை. போகட்டும். ஃபெயிலும் ஆகவில்லையே!

நேற்றுக் காலை அக்காவிடமிருந்து போன். பின்னால் மேளச் சத்தம். கல்யாண மண்டபத்திலிருந்து பேசுகிறாள்.

"கெளம்பும்போது புதுப் புடவையக் கட்டிக்கினு சும்மா அவரு முன்னாடி போய் நின்னேன்டி. 'இன்னாங்க, இது எனக்கு நல்லாருக்கா?'ன்னேன். மேலயும் கீழயும் பாத்தாரு..."

"சொல்லுக்கா! இன்னா சொன்னாரு?"

"நல்லால்லன்னுட்டாருடி!"

அப்படி ஒரு சிரிப்பு. "நான் யாருன்னு அவருக்குத் தெரிஞ்சிதான்னு கேக்கவே இல்லடி நான். எதுக்குக் கேக்கணும்?"

"சரி, புடவையை மாத்துனியா இல்லியா?"

"நான் ஏன் மாத்தணும்? அதையே கட்டிக்கினு வந்து, பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கினு இருக்கேன்... 'எங்க வீட்டுக்காரருக்கு இந்தப் புடவை புடிக்கலியாம்!'"