மகளின் பாட்டுக்கு நான் சொன்ன பொய்யுரை

செய்யுளுக்கும் உரைநடைக்கும் என்ன வேறுபாடு என்று கல்லூரித் தேர்வில் கேட்டபோது பக்கம் பக்கமாக எழுதினேன். எதுகை, மோனை, சீர், தளை எல்லாம் இருந்தால் செய்யுள், இல்லாவிட்டால் உரைநடை. இப்போது நினைத்துப் பார்த்தால், உரைநடை என்றால் என்ன என்று நான் சொல்லவே இல்லை. அதில் என்னென்ன கிடையாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அதற்கும் மதிப்பெண் போட்டார்கள். விடை தவறு என்று காட்ட என் மகள் பிறந்து வர வேண்டியிருந்தது.

மூன்று வயது முடிந்தும் அவளுக்குப் பாட்டுத்தான் வந்தது, பேச்சு வரவில்லை. பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருவுக்குக் காலையில் காய்கறி வண்டி வரும். "தக்காளி தக்காளி, நாட்டுத் தக்காளி, வெங்காயம் வெங்காயம், பெல்லாரி வெங்காயம்" என்று அதன் ஒலிபெருக்கி சொல்வதை மூச்சுவிடாமல் அப்படியே சொல்வாள். தேனி பஸ் ஸ்டாண்டில் கேட்ட "சின்னமனூர், பாளையம், கம்பம், குமுளி" என்ற கூவலை, கண்டக்டரின் இழுவையோடு பாடுவாள். ஆனால் "அம்மா, பசிக்குது" என்று ஒரு வாக்கியம் கிடையாது.

பசித்தால் தக்காளிப் பாட்டு. தூக்கம் வந்தால் குமுளிப் பாட்டு, ஏனென்றால் அந்த பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் தூங்கிவிடுவாள். வெளியே போக வேண்டுமென்றால் "ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை." இதெல்லாம் எனக்கு மட்டும்தான் விளங்கும். என் கணவர் போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறார். மாலை வீடு திரும்பியதும் அவள் பாடுவாள். அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் பொழிப்புரை சொல்வேன். தமிழ் படித்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே வேலை, சொந்த மகளுக்கு உரையாசிரியர் வேலை.

வெளியே சிரித்துக்கொண்டாலும் உள்ளே பயம்தான். பக்கத்து வீட்டுக் குழந்தை இரண்டு வயதில் சண்டையே போடுகிறது. நான் அதிகமாகக் கைப்பேசி பார்க்கிறேனா, குறைவாகப் பேசுகிறேனா, கர்ப்பமாக இருந்தபோது எதையாவது தின்னாமல் விட்டேனா என்று நாள் முழுக்க மனதில் ஓடும். தேனியில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். காது நன்றாகக் கேட்கிறது என்றார். அவள் பாடப்பாட நான் விளக்கம் சொல்வதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் நீங்களே புரிஞ்சுக்கிட்டா அவ எதுக்கும்மா பேசணும்?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அதை நினைத்து நினைத்துக் குழம்பினேன். புரியாதது போல நடிக்கலாமா? பசியோடு பாடும் பிள்ளையிடம் எப்படி நடிப்பது? ஒரு நாள் முயன்றேன். அவள் இரண்டாவது முறை தக்காளி என்று பாடுவதற்குள் சோற்றைப் பிசைந்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் என் மதினி ஜெயமங்கலத்திலிருந்து வந்தார்கள். என் கணவரின் அக்கா. ஒரு பை நிறையக் கத்தரிக்காய், அதன் அடியில் காகிதத்தில் சுற்றிய ஒரு வேர்த்துண்டு.

"இந்தா புடி. பேரு சொல்லா மருந்து. சுட்டு, தேன் விட்டு இழைச்சு, காலையில வெறும் வயித்துல நாக்குல தடவு. புள்ள பொளந்து கட்டும் பாரு."

வசம்புதான். எங்கள் பக்கம் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பேச்சு வருவதற்கான மருந்துக்கே பெயரை வாய்விட்டுச் சொல்லக்கூடாதாம். இதை எந்த இலக்கணத்தில் சேர்ப்பது என்று நினைத்தேன், கேட்கவில்லை. கேட்டால் "படிச்ச திமிரு" என்பார்கள். ஆனால் வசம்பைக் குழந்தையின் வாயில் வைக்க வேண்டாம் என்று அந்த மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மதினியிடம் மறுக்கவும் தைரியமில்லை. மகளுக்குக் கொடுக்கவும் தைரியமில்லை. கடமை தவறாத மருமகள் என்ன செய்வாள்? மதினி குளிக்கப் போன நேரம் பார்த்துச் சுட்டேன், தேன் விட்டேன், பதமாக இழைத்தேன், பின்வாசல் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன்.

மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவளும் வைத்தாள். உலகத்திலேயே பத்திரமான சாட்சி என்று நினைத்துக்கொண்டேன். பாட்டில் யார், யாருக்கு, என்ன செய்தார் என்று எதுவும் இருக்காதே.

மதினி தங்கியிருந்த நாள் எல்லாம் இதே கதை. "தடவுனியா?" "தடவிட்டேன் மதினி." ஊருக்குக் கிளம்ப வேண்டிய காலையில் அவர்கள் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, மகள் வந்து அவர்களின் சேலையைப் பிடித்து இழுத்தாள். பின்வாசலுக்கே இழுத்துக்கொண்டு போனாள். செடியைக் காட்டி, "தக்காளி தக்காளி" என்றாள்.

"ஆத்தாவுக்குத் தக்காளி வேணுமா? அது கருவேப்பிலைடா தங்கம்."

மகள் இல்லையென்று தலையை ஆட்டினாள். கொஞ்சம் யோசித்து, "சின்னமனூர், பாளையம்" என்று தொடங்கினாள்.

"என்னத்தா சொல்லுது இது? கம்பத்துக்குப் போகணுங்குதா?" என்று மதினி என்னைப் பார்த்தார்கள்.

பாட்டில் இல்லாவிட்டாலும் அவள் சொல்ல வந்தது எனக்குத் தெரிந்திருந்தது: நான் செடிக்கு ஊட்டிய மருந்தைத்தான். உரையாசிரியராக என் வாழ்வில் முதல் முறையாக மூலத்துக்குத் துரோகம் செய்தேன். "விளையாடக் கூப்பிடுறா மதினி. செடிக்குத் தண்ணி ஊத்தி விளையாடணுமாம்."

மகள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. தன் பாட்டுக்கு ஒருத்தி தப்பாக உரை எழுதினால் எந்தப் புலவருக்கும் கோபம் வரும். அவள் காலை உதைத்தாள். பிறகு அத்தையின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, இழுவை இல்லாமல், ராகம் இல்லாமல் சொன்னாள்:

"விளையாட இல்ல. அம்மா அத்தை மருந்தச் செடிக்கு ஊத்துச்சு."

யார், யாருடையதை, எங்கே, என்ன செய்தார் என எல்லாம் இருந்தது. ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒளிந்துகொள்ள ஓர் இடுக்கும் இல்லை. தன் பாட்டைத் தெரிந்தவளிடம் பாடினால் போதும். தெரியாத ஒருவருக்கு, அதுவும் நடுவில் ஒருத்தி பொய் சொல்லும்போது, நடந்ததைப் போய்ச் சேர வைக்க வேண்டுமானால் உரைநடைதான் வேண்டும். பக்கம் பக்கமாக எழுதிய என் விடையில் இது இல்லை.

மதினி செடியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். ஒரு கறிவேப்பிலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார்கள். அவ்வளவுதான், இனி ஜெயமங்கலம் முழுக்க என் பெயர் நாறும் என்று நினைத்தேன்.

"ஏத்தா," என்றார்கள் மெல்ல. "செடிக்கு ஊத்துனதுக்கே புள்ள இம்புட்டுப் பேசுதே. நாக்குல தடவியிருந்தா என்னாகியிருக்கும்?"

பிறகு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கைப்பேசியை எடுத்து, ஊரில் உள்ள சொந்தத்துக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். "பேசிருச்சு! ஆமா, நான் குடுத்த மருந்துதேன்." அவர்கள் சொல்லச்சொல்ல, "மருந்து இல்ல, செடி" என்று மகள் இடையிடையே திருத்திக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது மதினி கிளம்பும் நேரம் தாண்டியிருந்தது. மதியத்துக்கு ஒன்றும் சமைத்திருக்கவில்லை.

செய்தி கேட்டு என் கணவர் பாதி வேலையில் ஓடி வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, அம்மா அழுதுச்சு."

பழக்கம் போல அவர் என் முகத்தைப் பார்த்தார். பழக்கம் போல நானும் உரை சொன்னேன். "வெங்காயம் நறுக்கினேங்க."

மகள் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வெங்காயம் இல்ல," என்றாள்.