ஞாயிற்றுக்கிழமையும் ரோஸ் டிக்கெட்

1. பெண்கள் ஜன்னல்

கிள்ளான் நாடகக் கொட்டகையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டிக்கெட் ஜன்னலுக்கு வெளியே நின்ற ஓர் அம்மாள் என் வளையலைத் தொட்டுப் பார்த்தாள்.

"உள்ள இருக்கறது பொம்பளதானா?"

"பொம்பளதான் அக்கா."

அதன் பிறகுதான் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

ஆண்கள் ஜன்னலில் கை நீட்டிக் காசு கொடுக்க நம் பெண்கள் கூசுவார்கள். அதனால் பெண்களுக்குத் தனி வாசல், தனி ஜன்னல், தனி டிக்கெட். அந்த ஜன்னலுக்கு எழுத்தும் கணக்கும் தெரிந்த ஒரு பெண் வேண்டும் என்று நாடகக் கண்ட்ராக்டர் தேடினார். நான் கிடைத்தேன்.

என் அப்பா பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக் கூலி. அம்மா கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். தமிழும் வாசிப்பேன், இங்கிலீஷும் வாசிப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. "கூத்துக் கொட்டகைக்கா பொண்ண அனுப்பறே?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டபோது அப்பா சொன்ன பதில்: "கூத்தாட அனுப்பல. எழுதப் படிக்க அனுப்பறேன்." நாடகம் நடக்கும் வரை கிள்ளானில் சின்னம்மா வீட்டில் தங்கினேன்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறத்தில் டிக்கெட் அச்சாகும். திங்கள் மஞ்சள் என்றால் செவ்வாய் பச்சை. அன்றைய நிறத் தாளில் ஒரு துண்டை வாசல் பலகையில் ஒட்டிவிடுவோம். டிக்கெட்டில் கிழமையும் அச்சிட்டிருக்கும். ஆனால் அதை யார் பார்த்தார்கள்? தோட்டத்திலிருந்து வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. வாசல் காப்பவருக்கும் தெரியாது. கையில் இருக்கும் நிறமும் பலகை நிறமும் ஒன்றா? ஒன்றென்றால் உள்ளே போகலாம். அவ்வளவுதான் சட்டம்.

2. பாதிக் கட்டு

ஊரிலிருந்து கப்பலில் வந்திருந்த அந்த நாடகக் கம்பெனியின் பாட்டுக்காரி மரகதவல்லி. அவள் இசைத்தட்டு ஒலிக்காத காப்பிக்கடை அப்போது கிள்ளானில் இல்லை. ஜன்னல் திறக்கும் முன்பே கூட்டம் பாசார் கடைகள் வரை நிற்கும். எனக்கு வரும் டிக்கெட் கட்டோ கையளவு. திறந்த சூட்டோடு தீர்ந்துவிடும், ஜன்னலை மூடுவேன். மூடிய ஜன்னலை வெளியிலிருந்து தட்டுவார்கள்.

"ஏம்மா, படிச்ச பொண்ணே! சன்னலத் தொறந்து சன்னல மூடறதுக்கா படிச்சே?"

எதிரே சாமிக்கண்ணுவின் வெற்றிலைக் கடையில் அதே டிக்கெட் தாராளமாகக் கிடைக்கும். விலை மூன்று மடங்கு. பேரம் பேசினால் அவன் சிரிப்பான். "நாளைக்கு வாங்க, நாலு மடங்குக்குத் தரேன்."

என் ஜன்னலுக்கு வர வேண்டிய டிக்கெட் அவனிடம் எப்படிப் போனது என்று கண்ட்ராக்டரிடம் கேட்டேன். அவர் பாக்கு வெட்டிக்கொண்டே சொன்னார்: "கொடுக்கற கட்ட வித்துட்டு ஒக்காரு. மிச்சக் கட்டு எங்க போவுதுன்னு கேக்க ஒனக்குச் சம்பளம் இல்ல."

அப்படித் திரும்பிப் போனவர்களில் ஒருத்தி அஞ்சலை. கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் கீறிப் பால் எடுக்கிறவள், முப்பது வயதிருக்கும். லோரிக்குப் பங்கு போட்டுத் தோட்டத்துப் பெண்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். ஜன்னல் மூடிவிட்டது என்றதும் திட்டவில்லை. ஜன்னலுக்குக் கீழேயே நின்று, மரகதவல்லியின் பாட்டு ஒன்றை முழுதாகப் பாடினாள். ஒரு சங்கதி தவறவில்லை.

"எங்கே கத்துக்கிட்டீங்க?"

"தோட்டத்துக் கணக்கெழுதற கிராணி வூட்டுல பாட்டுப்பொட்டி பாடும். நாங்க வாசல்ல நிப்போம். கிராணியம்மா சன்னல மூடற வரைக்கும் கேக்கலாம்" என்றாள். "ஒரு தடவ உள்ள ஒக்காந்து, மூஞ்சப் பாத்துக் கேக்கணும் தங்கச்சி. அவ்ளோதான். அடுத்த ஞாயிறு வரேன். என்னை மறந்துராத."

அடுத்த ஞாயிறுதான் கிள்ளானில் கடைசி நாடகம். மறுநாள் கம்பெனி பினாங்குக்குப் போய், அங்கிருந்து கப்பல் ஏறுகிறது.

3. மழைக்கு மறுநாள்

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, பேய்மழை. கூட்டமே இல்லை. சாமிக்கண்ணுவிடம் அன்றைய ரோஸ் டிக்கெட் கட்டுக்கட்டாகத் தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வந்ததும் பார்த்தேன். அதுவும் ரோஸ். "அச்சாபீஸ்ல வேற கலர் தாள் இல்லயாம்" என்றார் கண்ட்ராக்டர். பலகையிலும் ரோஸ் தாளையே ஒட்டினார்கள்.

அன்று எனக்கு வந்த கட்டு எப்போதையும்விடச் சிறியது. அஞ்சலை வரிசையில் நின்று எனக்குக் கை காட்டினாள். அவள் முறை வருவதற்குள் கட்டு தீர்ந்துவிட்டது. மூடச் சொல்லிப் பின்னாலிருந்து குரல் வந்தது. மூடினேன்.

நாடகம் தொடங்கும் நேரத்தில் கண்ட்ராக்டர் என்னைப் பெண்கள் வாசலுக்கு அழைத்துப் போனார். "ஒவ்வொண்ணா வாங்கி வாசி. ஞாயிறுன்னா விடு. சனின்னா வெளிய அனுப்பு."

"நேத்து டிக்கெட் வெளியில விக்குதுன்னு உங்களுக்கு எப்படி ஐயா தெரியும்?"

"வாசின்னா வாசி."

அஞ்சலை சிரித்துக்கொண்டே வந்தாள். வரிசையில் நின்றபோது காதில் இருந்த கம்மல் இப்போது இல்லை, துளையில் ஈர்க்குச்சி. "கெடச்சிருச்சு தங்கச்சி!" என்று நீட்டினாள். ரோஸ் டிக்கெட். சனிக்கிழமை என்று போட்டிருந்தது.

டிக்கெட்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டேன். கண்ட்ராக்டர் பக்கத்திலேயே நின்றார். "என்ன போட்டிருக்கு? சத்தமா."

"சனிக்கிழமை" என்றேன்.

அஞ்சலைக்குப் புரியவில்லை. டிக்கெட்டைப் பலகைத் தாளோடு சேர்த்து வைத்துக் காட்டினாள். "ரோஸுதானே? பாருங்க ஐயா, ரெண்டும் ரோஸுதானே?"

"எழுத்து தெரியாதவளுக்கெல்லாம் நாடகம் என்னாத்துக்கு? தள்ளு."

அவர் அதை என் அம்மாவையும் சேர்த்துத்தான் சொன்னார். வாசலை விட்டு இறங்கி வரிசைக்குள் போனேன். நீட்டியவர்களின் டிக்கெட்டையெல்லாம் உரக்க வாசித்தேன். சனி. சனி. ஞாயிறு. சனி. "இது நேத்து டிக்கெட். சாமிக்கண்ணு தெரிஞ்சே வித்திருக்கான். கண்ட்ராக்டருக்கும் தெரியும். மழையில விக்காதத விக்கத்தான் இன்னிக்கும் ரோஸ் தாளு" என்றேன். கூட்டம் கடையை நோக்கி ஓடியது. கடை பலகை போட்டு அடைத்திருந்தது, ஆள் இல்லை. போலீஸ்காரர்கள் வந்தார்கள். அடி வாங்கியது டிக்கெட் வாங்கியவர்கள்தான். எனக்கு அங்கேயே வேலை போயிற்று.

அஞ்சலை லோரியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நல்ல டிக்கெட் கிடைத்த சிலர் உள்ளே போயிருந்ததால் லோரி புறப்பட முடியாது. டிரைவர் ஆறுதலாகச் சொன்னான்: "கொட்டகைச் சுவரு வெறும் படுதாதானே அக்கா. இங்கேருந்தே நல்லா கேக்கும்."

"வெளிய நின்னு கேக்க கிராணி வூட்டு வாசல் போதாதா எனக்கு?" என்றாள்.

பிறகு டிக்கெட்டை என்னிடம் நீட்டினாள். "இதுல மரகதவல்லி பேரு இருக்கா?"

"இருக்கு."

"எது?"

விரல் வைத்துக் காட்டினேன். அந்த எழுத்துகளையே சற்று நேரம் பார்த்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். படுதாவுக்குள் ஆர்மோனியம் தொடங்கியதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். முதல் பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. அப்போதும் கையை எடுக்கவில்லை.

4. வெற்றிலைக் கடைப் பக்கம்

வேலைக்குப் போகப்போகும் தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். வாசிக்கத் தெரிந்தவளை எங்கே நிறுத்துகிறார்கள் என்று முதலில் பாருங்கள். காசு கொடுக்கும் இடத்தில் நின்று வாசித்திருந்தால் என் படிப்பு அஞ்சலையின் கம்மலைக் காப்பாற்றியிருக்கும். என்னை வாசலில் நிறுத்தினார்கள். அங்கே அது அவளை வெளியே தள்ளத்தான் பயன்பட்டது.

அடுத்த வருஷம் வேறொரு கம்பெனி வந்தது. அதே கண்ட்ராக்டர், அதே கடை. பெண்கள் ஜன்னலில் வேறொரு பெண். நான் ரயிலேறிப் போய்ச் சாமிக்கண்ணு கடைக்கு முன்னால் நின்றுகொண்டேன். யார் டிக்கெட் வாங்கினாலும், காசு கை மாறுவதற்கு முன் கிழமையையும் அச்சிட்ட விலையையும் வாசித்துச் சொன்னேன். பாதிப் பேர் அவன் சொன்ன மூன்று மடங்கு விலைக்கும் வாங்கத்தான் செய்தார்கள். மீதிப் பேர் அவனைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

சாமிக்கண்ணு பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏம்மா, ஒனக்கு வேற வேலயே இல்லயா?"

"இல்ல. இருந்த வேலய நீங்கல்லாம் சேர்ந்துதானே எடுத்தீங்க" என்றேன்.

கம்பெனி ஊர் திரும்பும் வரை ஞாயிறு தவறாமல் போனேன். லோரி வரும்போதெல்லாம் இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தேன். அஞ்சலை வரவில்லை. அவள் தோட்டத்துப் பெண்கள் சிலர் வந்தார்கள். அவள் இப்போது பாடுவதில்லை என்றார்கள்.