ஏழு உலர்ந்த காலைகள்

காலை ஆறு மணிக்குக் கண் விழித்ததும் அவர் முகம் கழுவுவதில்லை. சாமி கும்பிடுவதும் அப்புறம்தான். முதலில், பக்கத்தில் கவிழ்ந்து தூங்கும் மகளின் டயப்பரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையை அவர் நம்புவதில்லை. இருபது வருடமாகக் குழாய் முறுக்கி முறுக்கி அது காய்த்துப்போய்விட்டது, ஈரம் எது குளிர் எது என்று அதற்குத் தெரியாது. புறங்கைக்குத் தெரியும். காய்ந்திருந்தால் நேரே குளியலறைக்குப் போய், கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். பிறகுதான் பல் தேய்ப்பது, கும்பிடுவது எல்லாம்.

பிளம்பரான அவருக்குத் தெருவில் பெயர் 'நாளைக்கு அண்ணன்'. சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. சொன்ன நேரத்துக்கு வேலையை முடிப்பார். ஆனால் முடித்த அன்றைக்குத் தண்ணீரைத் திறந்துவிட மாட்டார். புதிதாகப் போட்ட குழாயில் தண்ணீரை நிரப்பி, எல்லா வாயையும் அடைத்து, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுவார். வீட்டுக்காரர் துண்டும் சோப்புமாக வந்து நின்று, "அண்ணே, குளிச்சு ரெண்டு நாளாச்சு, இப்பவே திறந்துவிடுங்களேன்" என்று கெஞ்சினாலும் மசிய மாட்டார். "நாளைக்குப் பாப்போம். உள்ள ஒழுகுச்சுன்னா அப்புறம் யாரு செவுத்த உடைக்கிறது?" என்பார். காலையில் வந்து ஒவ்வொரு இணைப்பையும் புறங்கையால் தடவிப் பார்த்து, ஈரமில்லை என்றால்தான் திறப்பு. அவர் போட்ட குழாய் ஒழுகியது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

மகளுக்கு இரண்டே முக்கால் வயது. கூப்பிடுவது பொடிசு என்று. பகலில் சமர்த்து. "அப்பா, வருது வருது" என்று கால்களைப் பின்னிக்கொண்டு ஓடிவந்துவிடுவாள். ராத்திரிதான் பாக்கி. ராத்திரி டயப்பரை எப்போது நிறுத்துவது என்பதுதான் இரண்டு மாதமாக அந்த வீட்டின் பெரிய கேள்வி. "அவசரமே இல்ல, தொடர்ந்து சில நாள் காய்ஞ்சிருந்தா யோசிங்க" என்றார் டாக்டர். நாளைக்கு அண்ணனின் அக்காவோ, "என் பிள்ளைங்களுக்கு ரெண்டு வயசுலயே நிறுத்திட்டேன். நீ என்னடா, கல்யாணம் வரைக்கும் கட்டிவிடுவியா?" என்று ஃபோனில் கேட்டார். அக்காவின் ஃபோன் வந்தால் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எச்சில் கையோடு எழுந்துவிடுவார். ஏணிமேல் இருந்தால் இறங்கிவந்து தரையில் நிற்பார்.

அவர் அவசரப்படாததற்கு ஒரு காரணம் உண்டு. மனைவியிடம் மட்டும் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். ஒன்பது வயது வரை அவர் படுக்கையை நனைத்தவர். லீவுக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போன இடத்தில் முதல் ராத்திரியே அது நடந்துவிட்டது. பெரியப்பாவின் மகன்கள் அந்த விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள். மிச்சமிருந்த மூன்று ராத்திரியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கழித்தார், தூங்கினால்தானே வரும் என்று. "படுக்கையப் பாத்தாலே பயமா இருக்கும்மா. எம் பொண்ணுக்கு அந்தப் பயம் வரக் கூடாது" என்றார்.

ஆகவே தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். குழாய்க்கு ஒரு ராத்திரி என்றால் குழந்தைக்கு ஏழு. ஏழு காலை காய்ந்திருந்தால் டயப்பரை நிறுத்திவிடலாம். யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட. சொன்னால் கண் பட்டுவிடுமோ என்று பயம். கடவுள் காதில் மட்டும் போட்டுவைத்தார், அவர் வெளியே சொல்ல மாட்டார் என்று. கடவுள் சித்தம், முதல் நாளிலிருந்தே புறங்கைக்கு ஈரம் படவில்லை.

ஏழாவது கோடு போட்ட காலையில் அவரால் தாங்க முடியவில்லை. அவராகவே அக்காவுக்கு ஃபோன் செய்தார், நின்றபடி.

"அக்கா, பொடிசு தயாராயிட்டா. ஏழு நாளா ஒரு சொட்டு இல்ல."

"அட, பரவால்லயே! ஞாயித்துக்கிழம பிள்ளைங்களோட வரேன், ராத்திரி தங்கி நானே பாக்குறேன்."

மனைவி பேக்கரியில் மாவு பிசைகிறவள். விடிவதற்கு முன்பே கிளம்பி மதியம் திரும்புவாள். அன்று மாலை அவள் கையைப் பிடித்துக் குளியலறைக்குள் கூட்டிப்போய், கதவைச் சாத்திக் கோடுகளைக் காட்டினார்.

"என்னங்க இது, ஜெயில்ல நாள் எண்ற மாதிரி?"

"ஏழு காலை தொட்டுப் பாத்துட்டேன். ஈரமே இல்ல. இன்னையிலருந்து டயப்பர நிறுத்திடலாம்."

அவள் கோடுகளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "எத்தன மணிக்குத் தொட்டீங்க?"

"ஆறு மணிக்கு."

"நாலரைக்கு நான் வேற டயப்பர் மாத்திட்டுத்தானங்க போறேன்!"

அவருக்கு விளங்கவில்லை.

"ராத்திரி கட்டினது கல்லு மாதிரி கனக்கும். எந்திரிச்சதும் நீங்க அதோட மல்லுக்கட்ட வேணாமேன்னு புதுசு போட்டுட்டு, பழச குப்பையோட கையிலயே எடுத்துட்டுப் போறேன். மாசக்கணக்கா இதான் நடக்குது. நீங்க தொட்டதெல்லாம் ஒன்றரை மணி நேர டயப்பருங்க!"

சொல்லிவிட்டு, கவிழ்த்துவைத்த வாளிமேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

"அக்காகிட்ட சொல்லிட்டேனே."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னது நீங்க. நனையப்போறது அவ."

ஞாயிறு வரைக்கும் மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா இருக்கும் ஒரு ராத்திரி மட்டும் கட்டாமல் விட்டால் என்ன? பத்து மணிக்கு ஒரு தடவை, ரெண்டு மணிக்கு ஒரு தடவை கழிப்பறைக்குத் தூக்கிப்போனால் சமாளித்துவிடலாமா? வேலைக்குப் போன இடத்தில் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு இதையே கணக்குப் போட்டார். 'நனையப்போறது அவ' என்று மனைவி சொன்னதுதான் அவரை அதிகமாகக் குடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். பின்னாலேயே அவருடைய இரண்டு பிள்ளைகள். பொடிசு அவர்களோடு வீடு இரண்டுபட ஆடினாள். இரவு எட்டரைக்குக் கண் சொருக ஆரம்பித்ததும், யாரும் சொல்லாமலே அலமாரியைத் திறந்து ஒரு டயப்பரை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தாள்.

"அய்யய்யே!" என்றார் அக்கா. "பெரிய பொண்ணாயிட்டேன்னு உங்கப்பன் சொன்னான்? இன்னும் இதா? ஷேம் ஷேம்!"

பிள்ளைகள் இருவரும் கை தட்டி, "ஷேம் ஷேம்" என்று பாட்டாகவே பிடித்துக்கொண்டார்கள். பொடிசு டயப்பரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். அவள் அத்தையைப் பார்க்கவில்லை. விரித்திருந்த படுக்கையைப் பார்த்தாள்.

நின்றுகொண்டிருந்தவர் அக்காவுக்கு எதிரில் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அவமேல தப்பில்லக்கா. நான்தான் தப்பா எண்ணிட்டேன். அவ இன்னும் தயாராகல."

"அப்ப எப்பத்தான்டா நிறுத்துவ? நாளைக்கா?"

"தெரியலக்கா. அவ ஒடம்பு சொல்லட்டும். அதுவரைக்கும் கட்டிவிடுறேன்."

"நல்லா வளக்குற போ!" என்றார் அக்கா. மனைவி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் தொடையைத் தட்டி மகளை அழைத்தார். அவள் வந்தாள், பின்னால் ஒளித்ததைக் கையில் கொடுத்தாள். படுக்கவைத்து, இடுப்பைத் தூக்கி, இடது பக்கப் பட்டியை ஒட்டினார். ஆடிய களைப்பு. வலது பக்கத்தை எடுப்பதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள், வாய் லேசாகத் திறந்தபடி.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க பாருடா, அந்தக் காலத்துல நாங்கல்லாம்…" என்று ஆரம்பித்தார்.

அவர் திரும்பவில்லை. ஒரு கை மகளின் வயிற்றின் மேல் இருந்தது. மறு கையைத் தூக்கி, அக்காவுக்குத் தெரியும்படி, தன் உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தார்.