பைப்படிச் சண்டை

நெஞ்சில் சளி கட்டி, அது ரத்தத்தில் விஷமாக ஏறி, ஐசியூவில் நினைவில்லாமல் கிடந்தேன். தொண்டையில் குழாய், மூக்கில் குழாய், கையெல்லாம் ஊசி. "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்றாராம் டாக்டர். என் வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். பாதிப் பேர் பூமாலைக்குச் சொல்லிவைத்திருப்பார்கள். பிழைத்து வந்து அவர்கள் காசை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன்.

கூத்து அதற்கப்புறம்தான். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முனையில் ஆட்டோவிலிருந்து என்னை மூட்டை மாதிரி இறக்கினார்கள். சீப்பைப் பிடித்தால் கை நடுங்கும். நாலு வார்த்தை பேசினால் மூச்சு இரைக்கும். குரலா அது, எண்ணெய் போடாத கதவு!

வீட்டுக்கு வருவதற்கு முன்பே, ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தந்த பிசியோதெரபி பெண், "உடம்பு தேறினதும் மொதல்ல என்ன பண்ணணும் ஆண்ட்டி?" என்று கேட்டாள். கோயிலுக்கு நடக்கணும், பேரனைத் தூக்கணும் என்பார்களாம் மற்றவர்கள்.

"எதிர் வீட்டுக்காரிகூட சண்ட போடணும்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அது விளையாட்டில்லை. எங்கள் சந்துக்கு ஒரே பைப். காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். நானும் எதிர் வீட்டுக்காரியும் கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து அந்தப் பைப்படியில் சண்டை போடுகிறோம். என்னைவிட ஒரு வயது சின்னவள், ஒருநாளாவது அக்கா என்றிருப்பாளா? 'ஏய்'தான், 'போடீ'தான்.

வீடு திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு சொம்போடு முதல்முறை பைப்படிக்குப் போனேன். அவள் தன் குடத்தைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "நீங்க புடிங்க அக்கா. பாவம், எவ்ளோ கஷ்டப்பட்டீங்க" என்றாள்.

நீங்களாம்! அக்காவாம்! பாவமாம்! செத்தவளுக்கல்லவா இப்படி மரியாதை கொடுப்பார்கள்? வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன். இனி இந்தச் சந்தில் நான் நோயாளி மட்டும்தானா என்று பயமாக இருந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிசியோ பெண்ணிடம் சொன்னேன். "சண்டைக்கு மொதல்ல மூச்சு வேணும் ஆண்ட்டி" என்று, மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலேறும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தாள். அவள் முகத்தை, அதாவது எதிர் வீட்டுக்காரி முகத்தை நினைத்துக்கொண்டு இழுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பழகினேன். ஒரே மூச்சில் எண்களைச் சொல்லிப் பழகச் சொன்னாள். எண்ணுக்குப் பதில் நான் திட்டிப் பழகினேன். எதிரில் வீட்டுக்காரரை உட்காரவைத்தேன்.

"என்ன ஏம்மா திட்டற?" என்றார் பாவம்.

"சும்னே உக்காரு யா. பிராக்டீஸு."

ஒருநாள் சின்னக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரைத் தொடாமல் பைப்படிக்குப் போனேன். எல்லோரும் விலகினார்கள். எதிர் வீட்டுக்காரியும் விலகினாள். நான் அவள் இரண்டு குடத்தில் ஒன்றைக் காலால் ஒரு தள்ளு தள்ளினேன். அது உருண்டு சாக்கடை ஓரத்தில் போய் நின்றது.

"பரவால்ல அக்கா..." என்று ஆரம்பித்தாள்.

"அக்காவும் வேணாம் மண்ணாங்கட்டியும் வேணாம்! நான் இல்லாதப்போ டிரம்மு டிரம்மா ரொப்பிக்கினு இப்போ எனக்குப் பாவம் பாக்கறியாடீ?"

ஒரே மூச்சு! நடுவில் எங்கேயும் அறுபடவில்லை.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். குடத்தை எடுத்து வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"ஏய்! யாரு கொடத்தடீ தள்ற? நீ பாட்டுக்கு ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்கின. நான் யாருகிட்டடீ கத்தறது? தள்ளு, என் டர்னு இது!"

கண் முழுக்கத் தண்ணீர் அவளுக்கு. ஆனாலும் இடுப்பால் ஒரு இடி இடித்து என்னைப் பின்னுக்குத் தள்ளினாள். நான் விழவில்லை. அவள் தன் இரண்டு குடத்தையும் நிதானமாக நிரப்பினாள். என் முறை வந்தபோது பைப் புஸ்ஸென்று காற்று விட்டு நின்றுபோனது.

வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரர், "இன்னாம்மா, காலிக் கொடத்தோட சிரிச்சிக்கினு வர?" என்றார்.

"அவ விடல யா" என்றேன்.