கண்டக்டர் தெய்வசிகாமணி இளைத்த கதை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற டவுன் பஸ்ஸில் தெய்வசிகாமணி பதினேழு வருடம் கண்டக்டர். அதில் கடைசி ஆறு வருடம் அவர் பஸ்ஸுக்குள் நடந்து டிக்கெட் போட்டதே இல்லை. பின்படிக்கட்டை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்துகொள்வார். முன்னாலிருந்து காசு கைமாறிக் கைமாறி வரும். டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியாகத் திரும்பிப் போகும். எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. கூட்டத்துக்குள் நுழைய உடம்பு விடாது. ஜனங்களுக்கும் அது பழகிப்போயிருந்தது.

ஒரு நாள் காலை, நெரிசலில் யாரோ டிக்கெட் எடுக்கவில்லை என்று அவர் எழுந்து நின்ற நேரத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டில் திரும்பியது. டிரைவர் கந்தசாமி பிரேக்கை மிதித்தார். தெய்வசிகாமணி பக்கத்தில் நின்ற இருசம்மாள் மேல் அப்படியே விழுந்தார். சந்தைக்குக் கீரைக்கட்டு கொண்டுபோகிறவள். அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது.

மாவுக்கட்டு போட்ட மறுநாள் பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

“பிரேக்கு போட்டா நீ இன்னா பண்ணுவ, கண்டக்டரே. வுடு,” என்றாள் இருசம்மாள். பழப் பையை இடது கையால் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, “ஆனா நீ எந்திரிக்கவே இல்லியே. எனக்கு மூச்சு முட்டிப் போச்சி,” என்றாள்.

எழுந்திருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். அவள் திட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவள் சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தைதான் அவரைச் சின்னசேலத்தில் ரயில் ஏற்றி, சேலத்து மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுபோனது. கூட மனைவி ஜெயசுதாவும் வந்தாள்.

ஆபரேஷன் செய்து எடை குறைப்பதில் ஜெயசுதாவுக்கு இஷ்டமில்லை. டாக்டரம்மாவிடமே நேராகக் கேட்டுவிட்டாள். “நல்லா கீற வயித்த எதுக்குங்க அறுக்கணும்? வாயக் கட்டினா பத்தாதா?”

“கட்டிப் பார்த்திருப்பாரே. எத்தனை தடவை?”

ஜெயசுதா யோசித்தாள். கொள்ளுக் கஞ்சி, காலை நடை, ராத்திரி வெறும் சப்பாத்தி, பேலியோ. “நாலு தடவைங்க.”

“குறைஞ்சுதா?”

“கொறைஞ்சிது. அப்பறம் இன்னும் ஜாஸ்தியாதான் ஏறிச்சி.”

“இந்த அளவு உடம்புக்கு அது அப்படித்தான் பண்ணும். அவர் மேல தப்பு இல்லை,” என்றார் டாக்டர்.

அந்தக் கடைசி வார்த்தையை அதுவரை யாரும் தெய்வசிகாமணியிடம் சொன்னதில்லை. அவர் குனிந்து தன் செருப்பைப் பார்க்க முயன்றார். வயிறு மறைத்தது.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். பலூன் ஒன்று உண்டு; வயிற்றுக்குள் வைத்து, ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள்; எடுத்த பிறகு பலருக்குப் பழையபடி ஏறிவிடும். இன்னொன்று, இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைக்காய் போல நீளமாக விட்டுவிடுவது. வெட்டியது வெட்டியதுதான், திரும்ப வராது. மூன்றாவது பைபாஸ்: மேலே கோழிமுட்டை அளவு ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதை நேராகக் குடலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

“உங்களுக்கு ஒன்பது வருஷமா சர்க்கரை. தினம் நெஞ்செரிச்சல் வேற. வாழைக்காய் மாதிரி விட்டா எரிச்சல் ஜாஸ்தியாகலாம். உங்களுக்கு பைபாஸ்தான் சரின்னு எனக்குத் தோணுது. ஆனா ஆயுசுக்கும் சத்து மாத்திரை போடணும். மூட்டு வலிக்குன்னு கடையில மாத்திரை வாங்கி முழுங்கக் கூடாது, புண்ணாகும். ரத்தக்கசிவு, தையல் விடுறது இந்த மாதிரி ஆபத்தும் கொஞ்சம் இருக்கு. யோசிச்சுட்டு வாங்க.”

மூன்று மாதம் யோசித்து, பைபாஸுக்கே சம்மதித்தார். பீடியை விட்டார். ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு வாரம், ஈரல் சுருங்க வேண்டும் என்று வெறும் திரவ உணவு. வயிற்றில் ஐந்து சின்னத் துளை, அவ்வளவுதான். அன்று சாயங்காலமே நடக்க வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. முதலில் தண்ணீர்கூட மருந்துமூடி அளவுதான். அப்புறம் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரதப் பொடி, மசித்த முட்டை. வயிறு பசிக்கவில்லை, வாய் பசித்தது. பஸ் ஸ்டாண்டுப் பரோட்டாக் கடையில் கல்லில் தட்டும் சத்தம் கேட்டால் கால் தானாக நிற்கும். மூன்றாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இன்சுலின் ஊசி அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

ஐந்தாம் மாதம் வேலையில் இருந்தபோது, கந்தசாமி ஆசையாக ஒரு தம்ளர் கருப்பஞ்சாறு வாங்கிக் கொடுத்தார். தெய்வசிகாமணி குடித்துவிட்டார். கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, நெஞ்சு படபடத்து, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு என்று பஸ்ஸே பதறியது. சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்கினால் அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அரை மணியில் சரியாகிவிட்டது. கந்தசாமி அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் வாங்கித் தருவதில்லை.

வருடம் திரும்புவதற்குள் ஐம்பது கிலோ இறங்கியது. பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் நடந்து டிக்கெட் போட்டார். “இங்க ஒரு குண்டு கண்டக்டர் இருப்பாரே, தவறிட்டாராமே?” என்று ஒரு பெரியவர் அவரிடமே கேட்டார்.

“இல்லிங்க, நல்லாத்தான் கீறாரு. எங்க போவணும் நீங்க?”

சொந்தக்காரர்களிடம் அப்படிச் சமாளிக்க முடியவில்லை. நைனார்பாளையத்தில் ஒரு கல்யாணத்தில் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மூடினார். பெண்ணின் அப்பா பின்னாலேயே வந்து, “இன்னா மாமா, எங்க மேல கோவமா?” என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ எலும்புருக்கி நோய் என்று பந்தியில் பேசிக்கொண்டது ஜெயசுதா காதில் விழுந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதாள். அவர் சட்டையைக் கழற்றினால் வயிற்றிலும் கையிலும் தோல் மடிந்து தொங்குவதைப் பார்த்து ஒருவேளை ஊர் சொல்வது சரிதானோ என்று அவளுக்கே சில நாள் தோன்றியது.

இரண்டாம் வருடத்தில் தப்பு அவர் பக்கம் வந்தது. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று சத்து மாத்திரையை நிறுத்தினார். சில மாதத்தில் பாதம் மரத்தது. படி இருக்கிற இடம் காலுக்குத் தெரியவில்லை. தலை சுற்றியது. யாரிடமும் சொல்லவில்லை. துவைக்க எடுத்த காக்கிச் சட்டைப் பையில் பிரிக்காத மாத்திரை அட்டைகளை ஜெயசுதா பார்த்துவிட்டாள்.

“எத்தினி மாசமா?” என்று மட்டும் கேட்டாள்.

“அஞ்சு.”

மறுநாளே சேலம். ரத்தத்தில் இரும்பும் பி12 சத்தும் தரைமட்டத்தில் இருந்தன. டாக்டர் சத்தம் போடவில்லை. “ஆபரேஷன் ஒரு நாள் வேலை. மாத்திரை உங்க வேலை,” என்றார். வரிசையாக ஊசி போட்டார்கள். மரத்துப்போனது பெரும்பாலும் சரியானது. இடது காலில் இரண்டு விரலுக்கு மட்டும் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை.

இப்போது மூன்றரை வருடம் ஆகிறது. எண்பத்தெட்டுக்கு வந்த எடை கொஞ்சம் ஏறி தொண்ணூற்று நாலில் நிற்கிறது. இன்னும் குறைக்கலாம் என்கிறார் டாக்டர். பார்க்கலாம் என்கிறார் இவர். போன ஆடியில் வெள்ளிமலை ரூட்டை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். கல்வராயன் மலை வளைவுகளில் பஸ் ஆடும்போது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே டிக்கெட் கிழிக்கிறார். மேலே போய் வண்டி நின்றதும் சின்ன டப்பாவைத் திறந்து, ஒரு முட்டை, கொஞ்சம் சுண்டல், ஒரு பிடி சோறு என்று இருபது நிமிடம் மென்று தின்கிறார். சாப்பிட்ட உடனே தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது டாக்டர் சொன்னது; இன்னும் அரை மணி பொறுக்க வேண்டும். அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுகிறார்.